தாயைக் காட்டச் சொல்லு

தம்பி,

நேற்று சாயந்திரம் நீ போனில் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். என் பேத்தியின் உள்ளங்கையில் வெள்ளையாக ஒரு நாய்க்குட்டி. ஏழு வயதுப் பிள்ளையின் கை, அதிலும் இடம் மிச்சம் இருக்கிறது. படம் வந்த கையோடு நீயும் கூப்பிட்டாய். "அப்பா, பாத்துட்டு வந்தோம், நாலு குட்டி இருக்கு. ஞாயித்துக்கிழம எடுக்கப் போறோம். நீங்க சனிக்கிழமயே பெங்களூர் வந்துடுங்க. நல்ல குட்டியா பாத்து நீங்கதான் எடுத்துக் குடுக்கணும். நாய் விஷயம் உங்கள விட யாருக்குப்பா தெரியும்? நம்ம பஞ்சு மாதிரியே வேணும்னு சொல்லிவெச்சிருக்கேன்" என்றாய். நான் "சரி சரி, வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு கொஞ்ச நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். குட்டியின் மூக்கு இன்னும் இளஞ்சிவப்பாகத்தான் இருக்கிறது. பால் மறக்காத குட்டி அது.

உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். போனில் முடியாது. பேச ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வந்துவிடும், யார் மேல் கோபம் என்றே தெரியாமல் உன் மேல் எரிந்து விழுவேன், நீ "சரிப்பா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுவாய். நமக்குள் எத்தனை பேச்சு அப்படி முடிந்திருக்கிறது! அதனால் எழுதுகிறேன். எட்டாவது படித்தவன் எழுத்து, பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள். இன்றைக்குக் கூரியரில் போட்டால் வெள்ளிக்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிடும் என்கிறான் கடைக்காரன். உன் அம்மா இருந்திருந்தால் பக்குவமாகச் சொல்லியிருப்பாள். அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இந்த விஷயம் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டே பேர்தான், இப்போது நான் ஒருத்தன்தான் பாக்கி. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். பஞ்சுவைப் பற்றி நான் உன்னிடம் சொன்னது பொய். இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பொய்யை நீ நம்பிக்கொண்டிருக்கிறாய்.

பஞ்சுவைப் பெற்ற ஜூலி எப்படி நம் வீட்டுக்கு வந்தது என்பது உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். மேலத்தெருவில் இப்போது கல்யாண மண்டபமாக இருக்கிறதே, அதுதான் அந்தக் காலத்துப் பண்ணை வீடு. உன் தாத்தா அங்கே பண்ணையாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து நானும் அந்த வீட்டு மாடுகளை மேய்த்திருக்கிறேன். கூலி வாங்கப் போனாலும் கொல்லைப்பக்கமாகத்தான் போக வேண்டும். கூலி உயர்வு கேட்டுக் கொடி பிடித்தபோது என் அப்பா அடி வாங்கியது, நடவுக்கு இறங்க விடாமல் வெளியூர் ஆளை வைத்து மறித்தது, பிறகு சட்டம் வந்து குத்தகைப் பதிவு நம் பேரில் ஏறியது, அதை எதிர்த்து அவர்கள் கோர்ட்டுக்குப் போனது, ஆட்சி மாறும்போதெல்லாம் கேஸும் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து எழுந்தது, இதையெல்லாம் நூறு தடவை சொல்லி உன்னை அறுத்திருக்கிறேன். கடைசியில் பெரியவர் இறந்தார், அவர் மகன், எல்லாரும் சின்னவர் என்று கூப்பிடுவார்களே, அவர் குடும்பத்தோடு மெட்ராசுக்குக் கிளம்பினார். வீட்டைக் காலி செய்த அன்று அவர்கள் காரியஸ்தர் இரண்டு வெள்ளை பாமரேனியன் நாய்களைச் சங்கிலியோடு பிடித்துக்கொண்டு தெருவில் நின்றார். "பிளாட்டுல நாய் வெச்சுக்க விடமாட்டாங்களாம். யாராவது கொண்டு போங்கப்பா" என்றார். ஆண் டாமி, பெண் ஜூலி. கொல்லையில் நான் போய் நின்ற போதெல்லாம் என்னைப் பார்த்துக் குரைத்த நாய்கள். சங்கிலியை நான் வாங்கிக்கொண்டேன். ஜூலி நம் தெருவுக்கு வந்து நம் வாசலில் கால் நீட்டிப் படுத்ததும் எனக்கு வந்த பெருமை இருக்கிறதே, கேஸ் நமக்குச் சாதகமாக முடிந்த அன்றுகூட அப்படி வரவில்லை.

அடுத்த சில மாதத்தில் ஜூலி நாலு குட்டி போட்டது. கடைசிக் குட்டி சுண்டெலி மாதிரி இருந்தது, மற்ற மூன்றும் அதைப் பால் குடிக்க விடாமல் தள்ளின. "இது தங்காது" என்று நான் சொன்னேன். நீ அப்போது ஆறாவது படித்தாய். உன் பேனாவுக்கு மை ஊற்றுகிற இங்க் பில்லரை எடுத்து வெந்நீரில் கழுவி, ஆட்டுப்பாலை அதில் உறிஞ்சி, சொட்டுச் சொட்டாக விட்டாய். இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. நான் அடிக்கப் போனதும் "அப்பா, அது முழுங்குதுப்பா!" என்று கத்தினாய். பஞ்சு என்று நீதான் பெயர் வைத்தாய். உன் புத்தகப் பையில்தான் தூங்கும். நீ பள்ளிக்கூடத்திலிருந்து வரும் நேரம் வாய்க்கால் மதகு வரைக்கும் போய் நிற்கும். இனி அது என்று எழுத எனக்கு வரவில்லை, அவள் என்றே எழுதுகிறேன்.

மற்ற மூன்று குட்டிகளுக்கும் ஆள் வந்தது. அதில்தான் எல்லாமே ஆரம்பித்தது. முதலில் வந்தவர் கூட்டுறவு சங்கத் தலைவர். நம் தெருவுக்குள் அவர் அதுவரை வந்ததே இல்லை, ஓட்டுக் கேட்க வந்தால்கூட தெருமுனையோடு கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார். அவர் நம் வாசலில் நின்று, "பண்ணை வீட்டு நாய் குட்டி போட்டிருக்காமே" என்று கேட்டார். நாற்காலி போட்டேன், உட்கார்ந்தார். உன்னை ஓடவிட்டுக் கடையிலிருந்து கலர் சோடா வாங்கி வரச் சொன்னேன். அது பாட்டில், கடைக்காரன் உடைத்துக் கொடுப்பது, அதனால் குடித்தார். அடுத்த ஈத்துக்குத் தங்கைக்கு ஒரு குட்டி வேண்டுமென்று மறுபடி வந்தார். அப்போது உன் அம்மா போட்ட டீயை, நம் வீட்டு டம்ளரில், வாய் வைத்துக் குடித்தார். உன் அம்மா உள்ளே போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் கொல்லைக்குப் போய் நின்றுகொண்டேன். என் அப்பாவுக்குச் சிரட்டையில் ஊற்றிய காலத்தை நான் கண்ணால் பார்த்தவன், தம்பி.

அதற்கப்புறம் எத்தனை பேர்! டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்காராத இரண்டு கட்சிக் கிளைச் செயலாளர்களும் ஒரே ஈத்துக் குட்டிகளை ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். இன்ஸ்பெக்டர் வீட்டு அம்மா வந்தாள், அரிசி மில்காரர் வந்தார். எல்லாரும் உட்கார்ந்தார்கள், எல்லாரும் குடித்தார்கள். "வாங்க, போங்க" என்று பேசினார்கள். பணமும் கொடுத்தார்கள்தான். ஆனால் பணத்துக்காகச் செய்தேன் என்று நீ நினைத்துக்கொண்டால் அதுகூட எனக்கு ஒரு சமாதானமாக இருக்கும். நான் அந்த டம்ளருக்காகச் செய்தேன். குட்டி இல்லையென்றால் அவர்கள் வரமாட்டார்கள், குட்டி வேண்டுமென்றால் பஞ்சு போட்டாக வேண்டும். ஜூலிக்கு அதற்குள் வயதாகிவிட்டது.

எல்லாரும் ஒரே மாதிரிதான் கேட்டார்கள். "சின்னதா இருக்கணும். வளராத ஜாதியா பாத்துக் குடுங்க." எனக்கு நாயைப் பற்றி என்ன தெரியும்? நெல்தான் தெரியும். நம் வயலிலேயே நல்ல கதிராகப் பார்த்து எடுத்துக் கட்டிவைப்போம். அடுத்தவன் நெல் கலக்காமல் பார்த்துக்கொள்வோம். பயிரில் வேறு ரகம் தலை நீட்டினால் பிடுங்கி வரப்பில் எறிவோம். அப்படி வருஷா வருஷம் எடுத்தால் ரகம் மாறவே மாறாது. நம் வீட்டு விதை நெல் வாங்க குடவாசலிலிருந்துகூட ஆள் வரும், அந்தத் திமிர் எனக்கு. நாய்க்கும் அதையே செய்தேன். வெளி நாய் சேரக் கூடாது, இருப்பதிலேயே சிறிசாகப் பார்த்து நிறுத்திக்கொள்ள வேண்டும். பஞ்சுதான் சிறிசு. அவளை டாமியோடு சேர்த்தேன். டாமி அவளைப் பெற்ற அப்பன். அதில் பிறந்ததில் சிறிசாக ஒரு கடுவனை நிறுத்தி, டாமி ஓய்ந்த பிறகு அதையே அவளோடு சேர்த்தேன். சொந்தத்துக்குள் பெண் எடுக்காதீர்கள், பிள்ளைகள் ஊனமாகப் பிறக்கும் என்று கட்சிக் கூட்டத்தில் மைக் பிடித்துப் பேசியவன் நான்! நெல்லுக்கு அப்பன் மகள் கிடையாது, நாய்க்கு மட்டும் என்ன என்று இருந்துவிட்டேன். ஒரு ஈத்தில் அண்ணம் பிளந்த குட்டி பிறந்தது, குடித்த பால் மூக்கு வழியாக வந்தது. இன்னொன்றுக்கு உச்சந்தலை மூடவே இல்லை, தொட்டால் மெத்தென்று அமுங்கும். பயிரில் நாலு பதர் விழுந்த மாதிரி நினைத்துக்கொண்டு மண்ணில் புதைத்துவிட்டு வந்தேன்.

நீ அப்போது ஒன்பதாவதிலிருந்து தஞ்சாவூர் ஹாஸ்டலில் இருந்தாய். லீவுக்கு வரும்போது மட்டும்தான் அவளைப் பார்ப்பாய். "ஏம்ப்பா இவ்ளோ எளச்சுப் போயிட்டா?" என்று கேட்டால் "குட்டி போட்ட நாய் அப்படித்தாண்டா இருக்கும்" என்று வாயை அடைத்துவிடுவேன். நாலு வருஷத்தில் ஆறு ஈத்து. ஒரு பருவம்கூட விடவில்லை. முடியெல்லாம் கொட்டிவிட்டது. மடி தரையைத் தொட்டது. ஒரு தடவை பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே கை கால் வெட்டி வெட்டி இழுத்தது, உன் அம்மா கேழ்வரகுக் கூழும் முட்டையும் கொடுத்து மடியில் வைத்துக்கொண்டே இரண்டு நாள் கிடந்தாள். குட்டி பார்க்க ஆள் வந்தால் நான் பஞ்சுவைக் கொண்டுபோய்க் கொல்லையில் மாட்டுக் கொட்டகையில் கட்டிவிடுவேன். அவள் கோலத்தைப் பார்த்தால் குட்டி எடுக்க மாட்டார்கள். அதோடு குட்டியைத் தூக்கும்போது அவள் போடுகிற சத்தம் கேட்கச் சகிக்காது. யாராவது அபூர்வமாக "தாய் எங்க?" என்று கேட்பார்கள். "தாய் வேற எடத்துல இருக்குங்க, நல்லா இருக்கு" என்பேன். கொல்லையில் நிற்க வைக்கப்பட்டவன் மகன் நான். எங்கே கட்டினால் முன்வாசலுக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியாதா?

முப்பது நாள் குட்டியை நாற்பத்தைந்து நாள் என்று சொல்லித்தான் கொடுப்பேன். பொடிசாக இருந்தால்தானே பிடிக்கிறது! ஒரு நாள் மயிலாடுதுறையிலிருந்து ஒருத்தர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பெண் கையில் மஞ்சப்பை. உள்ளே நான் ஐந்து நாள் முன்னால் கொடுத்த குட்டி, பேதியாகிச் செத்துப்போய் விறைத்துக் கிடந்தது. அவர் சண்டைக்கு வரவில்லை. "என்ன பண்ணினா பொழச்சிருக்கும்னு கேக்கத்தாங்க வந்தோம், பொண்ணு சாப்புட மாட்டேங்குறா" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நீங்க பிஸ்கட்டு கிஸ்கட்டு போட்டிருப்பீங்க" என்றேன். அந்தப் பெண் அப்பாவைப் பார்த்தாள். அவள்தான் பிஸ்கட் போட்டிருக்கிறாள் போலிருக்கிறது. அந்தப் பிள்ளை முகம் சுருங்கியதை நான் பார்த்தேன், பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. அவளுக்கு இப்போது முப்பது வயதுக்கு மேல் இருக்கும். தான்தான் கொன்றுவிட்டோம் என்று இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருப்பாளோ என்னவோ.

அன்று மத்தியானம் சாப்பாட்டில் உட்கார்ந்தபோது உன் அம்மா சொன்னாள். சத்தம் போடவில்லை, சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள். "உங்கம்மா உங்களப் பெத்த மூணாம் நாளே நடவுக்கு வான்னு பண்ணையிலேர்ந்து ஆள் வந்துச்சு, பால் கட்டிக்கிட்டு சேத்துல நின்னாங்கன்னு மேடைக்கு மேட சொல்றீங்களே. இப்ப நீங்க பண்றது என்னங்க?" தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். "நாயையும் எங்கம்மாளையும் ஒண்ணா வெச்சுப் பேசுறியாடி" என்று கத்தினேன். அவள் சிதறிய சோற்றைக் கூட்டி அள்ளிக்கொண்டு போய்ப் பஞ்சுவுக்குப் போட்டாள். அவள் கேட்டது நியாயம், அதனால்தான் தட்டை எறிந்தேன் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும்.

ஏழாவது ஈத்து. அந்த வருஷம் மேட்டூர் திறக்கவில்லை, குறுவை போடவில்லை, ஊரே வெறிச்சென்று கிடந்தது. நீ பிளஸ் டூ. சின்னவர் மிச்ச நிலத்தை விற்க மெட்ராசிலிருந்து வந்திருந்தார். முதல் நாள் காரியஸ்தர் வந்து, "நாளைக்குக் காலையில உன் வீட்டுக்கு வராராம்ப்பா. அவங்க ஜூலி வம்சத்துல குட்டி ஒண்ணு வேணுமாம்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பண்ணை வீட்டுச் சின்னவர் என் வீட்டுக்கு வருகிறார்! குடவாசலுக்கு ஓடிப்போய் பில்டரும், காபித்தூளும், புதுசாக ஒரு டம்ளர் டவராவும் வாங்கி வந்தேன். நம் வீட்டில் காபி போட்டதே கிடையாது. காலை ஏழு மணிக்குப் பஞ்சுவுக்கு வலி எடுத்தது. எட்டு மணிக்கு உன் அம்மா வந்து, "ஏங்க, முக்குறா, ஒண்ணும் வரலங்க. வண்டிய எடுங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருவோம்" என்றாள். "அவர் வந்துட்டுப் போயிடட்டும்" என்றேன். ஒன்பது மணிக்கு வந்து, "அவ கண்ணே சொருகுதுங்க" என்றாள். "வர்ற நேரத்துல வாசல்ல ஆள் இல்லன்னா என்ன நெனப்பாரு? போ, காபிக்கு வெந்நி வை" என்றேன். உன் அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் எப்படி எழுதுவது? போய் வெந்நீர் வைத்தாள்.

பத்தரைக்குக் கார் வந்தது. சின்னவர் நாற்காலியில் உட்கார்ந்தார். என் வயதுதான் அவருக்கும், நான் மாடு ஓட்டிக்கொண்டு போகும்போது ஜன்னலில் நின்று கல் விட்டு எறிவார். மெட்ராஸ் வெயிலைப் பற்றிப் பேசினார், தண்ணீர் வராததைப் பற்றிப் பேசினார். கொல்லையிலிருந்து ஒரு முனகல் கேட்டது. "என்னப்பா சத்தம்?" என்றார். "மாடுங்க" என்றேன். மாடு என்று சொன்னேன், தம்பி. "குட்டி?" என்று கேட்டார். "இன்னக்கி நாளக்கி போட்டுரும்ங்க, மொதக் குட்டி உங்களுக்குத்தான்" என்றேன். உன் அம்மா காபியைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் டம்ளரைத் தொட்டார், சூடு பார்க்கிற மாதிரி தொட்டார், கையை எடுத்துக்கொண்டார். "இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்" என்றார். அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார், டம்ளரைத் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்திருக்கும்போது, "சரி விடு, சரியா அமையலன்னா அடுத்த ஈத்துல பாத்துக்கலாம்" என்றார். நான் "ஆகட்டுங்க" என்று சொன்னேன். கும்பிட்டேனா என்று ஞாபகமில்லை. கும்பிட்டிருப்பேன். காபியில் ஆடை படிந்திருந்தது.

உன் அம்மா அவளை ஒரு பழைய புடவையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் பின்னால் உட்கார்ந்தாள். மாட்டாஸ்பத்திரி டாக்டர் நல்ல மனுஷன், சாப்பிடப் போனவர் பாதியில் எழுந்து வந்தார். ஒரு குட்டியின் தலை வழியில் மாட்டிக்கொண்டு செத்திருந்தது. "இடுப்பெலும்பு அகலமே இல்லையேய்யா இதுக்கு. இத எப்படிய்யா ஈத்துக்கு வெச்சீங்க? காலையில வலி எடுத்ததுமே கொண்டாந்திருந்தா வயித்தக் கிழிச்சாவது தாயக் காப்பாத்தியிருப்பேன்" என்றார். அவர் ஊசியில் மருந்து ஏற்றிக்கொண்டிருக்கும்போது பஞ்சு தலையைத் திருப்பி விரலை நக்கினாள். என் விரலை. தூக்கிக்கொண்டு வந்தவள் உன் அம்மா, கூழ் கொடுத்தவள் உன் அம்மா, அவள் பக்கத்தில்தான் நின்றாள். பஞ்சு என்னை நக்கினாள், தம்பி. ஊசி போடுவதற்குள் போய்விட்டாள். ஐந்தரை வயதுகூட ஆகவில்லை.

வீட்டுக்கு வந்து உன் அம்மா அந்தக் காபியைச் சாக்கடையில் கொட்டினாள். அந்தப் பில்டரை அவள் சாகும்வரை தொடவில்லை, இன்னும் பரண் மேல்தான் கிடக்கிறது. ஜூலியும் டாமியும் மற்றதுகளும் இருக்கும்வரை வைத்துக் கஞ்சி ஊற்றினோம், கடுவன்களை அதே டாக்டரிடம் கொண்டுபோய்க் காயடித்துவிட்டேன். குட்டி கேட்டு வந்தவர்களிடம் இல்லை என்றேன். அதன் பிறகு யாரும் வரவில்லை. ஒருத்தரும் வரவில்லை. இப்போது வருகிறார்கள் என்றால் அது நீ படித்த படிப்புக்கு வருகிறார்கள். முதலிலேயே அதற்காகக் காத்திருந்திருக்கலாம். எனக்குத்தான் அவசரம்.

தீபாவளிக்கு நீ வந்தாய். மதகடியிலேயே "பஞ்சு! பஞ்சு!" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தாய். பரீட்சை எழுதுகிற வருஷம், உண்மையைச் சொன்னால் தாங்க மாட்டாய் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அது சாக்கு. என் முகத்தைப் பார்த்து நீ என்ன கேட்பாயோ என்று பயம். "பூம்புகார்ல ஒரு வாத்தியார் வீட்டுல குடுத்துட்டேன்டா. பெரிய தோட்டம். கடக்கரையில ஓடி வெளயாடுதாம்" என்றேன். "நல்லா பாத்துப்பாங்களாப்பா?" என்று கேட்டாய். "நம்மள விட நல்லா பாத்துப்பாங்க" என்றேன். அதில் ஒன்று மட்டும் பொய்யில்லை, எவன் வைத்திருந்தாலும் என்னைவிட நன்றாகத்தான் வைத்திருப்பான். அப்புறம் உன் கல்யாணத்தில், உன்னோடு காலேஜில் படித்த சிநேகிதன் ஒருத்தன் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே சொன்னான். "பூம்புகாருக்கு டூர் போனோம் அங்கிள். எல்லாரும் கடல்ல எறங்குனா இவன மட்டும் காணோம். பாத்தா மீன்காரங்க தெருவுலேர்ந்து வாத்தியாருங்க இருக்குற தெரு வரைக்கும் ஒவ்வொரு வீடா போயி, வெள்ள நாய் இருக்கான்னு கேட்டுக்கிட்டு, பஞ்சு பஞ்சுன்னு கூவிக்கிட்டுத் திரியுறான். பஸ்ஸையே ஒரு மணி நேரம் நிறுத்திட்டான்." எனக்கு அந்த இலையில் அப்புறம் ஒரு பருக்கை இறங்கவில்லை. நீ அதை என்னிடம் சொல்லவே இல்லை. நான் வருத்தப்படுவேன் என்று சொல்லாமல் விட்டிருப்பாய்.

அதனால்தான் சொல்கிறேன், குட்டி பொறுக்கித் தர என்னைக் கூப்பிடாதே. பொறுக்கிப் பொறுக்கித்தான் அவளைக் கொன்றேன். பிள்ளைக்கு நாய் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாயோடு வளர்கிற பிள்ளை நன்றாக வளரும், நீயே அதற்குச் சாட்சி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அங்கே போனதும், குட்டியைக் கையில் வாங்காதே, வாங்கிவிட்டால் மனசு கேட்காது. முதலில் தாயைக் காட்டச் சொல்லு. அது உங்களைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டு வருகிறதா, மூலையில் பதுங்குகிறதா என்று பார். முடி இருக்கிறதா, மடி தொங்குகிறதா, இது எத்தனையாவது ஈத்து, போன ஈத்து எப்போது, அப்பன் நாய் எங்கே, அது இதற்கு என்ன உறவு, எல்லாவற்றையும் கேள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். பின்பக்கம் எங்கே கட்டியிருக்கிறார்கள் என்று போய்ப் பார். "தாய் வேற எடத்துல இருக்குங்க, நல்லா இருக்கு" என்று சொன்னால், பேத்தி அழுதாலும் பரவாயில்லை, அவளைத் தூக்கிக்கொண்டு எழுந்து வந்துவிடு. அந்த வார்த்தையை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன், உன்னிடமும் அதையேதானே சொன்னேன்.

சனிக்கிழமை நான் வரவில்லை. இதைப் படித்துவிட்டு நீ கூப்பிட்டால் பேசுகிறேன், கூப்பிடாவிட்டால் அதுவும் நியாயம்தான். என் மேல் கோபப்படு, தம்பி. நீ என் மேல் கோபப்பட்டதே இல்லை. அது எனக்குத் தாங்கவில்லை.

ஒன்று பாக்கி. அவளை எங்கே வைத்தேன் என்று நீ கேட்பாய். நம் நாற்றங்கால் மேட்டில், மோட்டார் கொட்டகைக்குப் பின்னால், உன் இங்க் பில்லரையும் கூட வைத்து உன் அம்மாதான் மண் தள்ளினாள். மழையில் மண் கரையக் கூடாது என்று பிறகு அதன் மேல் ஒரு சிமெண்ட் பலகையைக் கொண்டுபோய்ப் போட்டேன். போன பொங்கலுக்கு வந்தபோது, வீட்டில் சிக்னல் இல்லை என்று அங்கே போய் அந்தப் பலகை மேல்தான் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஆபீஸ் போன் பேசிக்கொண்டிருந்தாய். பூம்புகாரில் வீடு வீடாக நீ தேடியவள் உன் காலுக்கடியில் கிடந்தாள். நான் உனக்கு டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குத் திரும்பி நடந்தேன்.

அப்பா